சுவரில் உட்கார்ந்த அந்துப்பூச்சி: பார்ப்பதும் குறிப்பதும்

தேவை: கைப்பேசி, மில்லிமீட்டர் ஸ்கேல், மூடியுள்ள கண்ணாடி டப்பா, நோட்டு.

1. தொடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். இறக்கையைக் கூரைபோல் சரித்திருக்கிறதா, சுவரோடு தட்டையாக விரித்திருக்கிறதா, உடலைச் சுற்றி மடித்திருக்கிறதா என்பதை வைத்தே பல குடும்பங்களைப் பிரித்துவிடலாம். டப்பாவுக்குள் போனதும் இந்த இருப்பு மாறிவிடும்.

2. அடுத்து நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஃப்ளாஷ் வேண்டாம், செதில்கள் ஒளியைத் திருப்பியடித்துக் கோடுகள் வெளுத்துப்போகும். டார்ச்சின் மேல் வெள்ளைத் தாளைச் சுற்றிப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். கைப்பேசி சாய்ந்தால் பாதி இறக்கை மங்கும்.

3. ஸ்கேலைப் பூச்சிக்குப் பக்கத்தில், அதே சுவரில் ஒட்டிப் பிடியுங்கள். கேமராவுக்கு நெருக்கமாகப் பிடித்தால் பூச்சி உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். அளக்க வேண்டியது முன் இறக்கையின் அடியிலிருந்து நுனிவரை. விரித்த இறக்கையின் அகலத்தை உட்கார்ந்திருக்கும் பூச்சியில் அளக்க முடியாது.

4. பறந்துகொண்டே இருந்தால் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். ஃப்ரிட்ஜில் (ஃப்ரீஸரில் அல்ல) 10 முதல் 15 நிமிடம் வைத்தால் அடங்கும். வெளியே எடுத்தபின் இறக்கை நடுங்கத் தொடங்கினால், உடலைச் சூடாக்கிப் பறக்கத் தயாராகிறது என்று அர்த்தம். உங்களுக்கு நேரம் முடிந்தது. இறக்கையை விரலால் பிடிக்கவே கூடாது. செதில் உதிர்ந்தால் அடையாளமும் போயிற்று.

5. இனி எழுத்து. உணர்கொம்பு நூலா, சீப்பா, இறகா? இறகுபோல் அடர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆண். பிறகு முன் இறக்கை: உடலிலிருந்து நுனியை நோக்கி எத்தனை குறுக்குக் கோடுகள், நேரா வளைவா, நடுவில் புள்ளி உண்டா, ஓரத்துக் குஞ்சம் எப்படி. நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மஞ்சள் விளக்கில் எல்லாமே பழுப்புதான். வயதான பூச்சியோ செதில் தேய்ந்து வெளிறியிருக்கும். தேய்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

"சின்னப் பழுப்புப் பூச்சி" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "முன் இறக்கை 8 மி.மீ. உடலை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு வெளிர் சாம்பல், மீதி செம்பு நிறம். இறக்கையை உடலோடு மடித்திருந்தது. மாவு டப்பா அருகே, இரவு 8 மணி." தெரிந்தவர் இதைப் படித்ததுமே உணவுப்பொருளில் வரும் பிளோடியா இன்டர்பங்டெல்லா என்ற அந்துப்பூச்சியை நினைப்பார். இடத்தைக் குறிப்பது அதனால்தான் முக்கியம்: விளக்கைத் தேடி வந்தது வேறு, வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது வேறு.

6. இனப்பெயர் கிடைக்காவிட்டால் பேரினத்தோடு (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி) நிறுத்துங்கள். சில இனங்களை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். உயிரினப் படங்களைப் பதிவிட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுகிறீர்களா? ஒரே பூச்சியின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். தனித்தனியாக ஏற்றினால் மேல்பக்கத்தைப் பார்ப்பவருக்கு உணர்கொம்பு கிடைக்காது.