செப்டம்பர்ல துபாய், ஷார்ஜா பக்கம் தோட்டம் போடறவங்களுக்கு: முதல்ல மண்ணு, அப்புறம்தான் விதை

ஆகஸ்ட் 24 வாக்குல விடியக்காலைல தெக்கால அடிவானத்த ஒட்டி ஒரு நட்சத்திரம் தெரிய ஆரம்பிக்கும், இங்க அரபு ஆளுங்க அத சுஹைல்னு சொல்வாங்க, சுஹைல் வந்தா ராத்திரி தணியும்னு ஒரு சொலவடையே இருக்கு. நம்ம அகத்தியர் நட்சத்திரம்னு சொல்றோமே, அதேதான் இது. அது வந்துடுச்சுன்னாலே செடி வளக்கற எல்லாருக்கும் கை பரபரன்னு இருக்கும், நேரா வர்சான் பக்கம் இருக்கற நர்சரிக்கு போய் தக்காளி நாத்து, கொத்தமல்லி விதைன்னு அள்ளிட்டு வந்துடுவோம். தயவு செஞ்சு அக்டோபர் பாதி வரைக்கும் பொறுங்க. செப்டம்பர் பாதில கூட பகல்ல 39 டிகிரி, ராத்திரி 28 கிட்ட இருக்கும், தக்காளிக்கு ராத்திரி 24க்கு மேல போனாலே பூ நிக்காது, கொட்டிடும். நான் முத வருஷம் செப்டம்பர் முத வாரமே 12 நாத்து வெச்சேன், நாலே நாள்ல எட்டு கருகிடுச்சு, மிச்சம் இருந்த நாலும் நவம்பர் வரைக்கும் பூ விட்டு பூ விட்டு உதிர்த்துச்சே தவிர ஒரு காய் புடிக்கல. அக்டோபர் பாதில வெச்ச செடிங்கதான் அதுங்கள தாண்டி வளந்து டிசம்பர் கடைசில காய் குடுத்துச்சு.

அப்ப செப்டம்பர்ல என்னதான் பண்றதுன்னா, மண்ண பாருங்க. இங்க இருக்கறது வெறும் மணலு, தண்ணி நிக்காது, சத்தும் நிக்காது, பிஎச் 8க்கு மேல, அதாவது காரத்தன்மை ஜாஸ்தி. நர்சரில ஸ்வீட் சாண்ட்னு ஒண்ணு விப்பாங்க, உப்பு கம்மியான மணல்னு அர்த்தம், அவ்ளோதான், அதுல சத்து ஒண்ணும் கிடையாது. தொட்டிக்கு நான் போடற கலவை, ஸ்வீட் சாண்ட் மூணு பங்கு, மக்கின எரு மூணு பங்கு, தேங்கா நார்த்தூள் நாலு பங்கு. இந்த நார்த்தூளதான் கோகோபீட்னு கட்டியா விப்பாங்க, அஞ்சு கிலோ கட்டி ஊறினா 70 லிட்டர் வரைக்கும் வரும், பொள்ளாச்சிலேந்து வர்றதே இங்க கிடைக்குது, ஆனா ஊற வெச்ச தண்ணிய அப்படியே விட்டுடாதீங்க, ரெண்டு தடவ அலசி பிழிஞ்சு போடுங்க, சில கட்டில உப்பு இருக்கும். இன்னொண்ணு, ஊர்ல அடுப்பு சாம்பல கொண்டு போய் செடிக்கு போடுவோம் இல்ல, அந்த பழக்கத்த இங்க விட்டுடுங்க, ஏற்கனவே காரமா இருக்கற மண்ண அது இன்னும் காரமாக்கும்.

போன சீசன் தொட்டிய அப்படியே திரும்ப யூஸ் பண்றவங்க அதோட விளிம்ப பாருங்க, வெள்ளையா பொரிஞ்சு போய் விரல்ல தேச்சா மாவு மாதிரி ஒட்டும், அது உப்பு. வெயில்ல தண்ணி ஆவியாகி ஆவியாகி கோடை பூரா அங்க சேந்தது. அத சொரண்டி எடுத்துட்டு, கீழ ஓட்டை வழியா தண்ணி நல்லா ஓடற வரைக்கும் மெதுவா ஊத்துங்க, அரை மணி விட்டு மறுபடி ஒரு தடவ. தொட்டி 20 லிட்டர்னா தண்ணியும் ஒரு 40 லிட்டராவது போகணும், சும்மா நனைச்சா உப்பு எங்கயும் போகாது, வேர்கிட்டயே உக்காந்திருக்கும். அடில தட்டு இருந்தா அந்த தண்ணிய கொட்டிடுங்க.

மண்ணு ரெடின்னா செப்டம்பர் நடுவுலயே நேரா விதைக்கக்கூடியது வெண்டை, கொத்தவரங்கா, தட்டைப்பயறு. இதுங்களுக்கு சூடு புடிக்கும். பாகலும் பீர்க்கங்காயும் இப்பவே போட்டாத்தான் குளிர் வர்றதுக்குள்ள காய்ப்பு முடியும், ஜனவரில அதுங்க அப்படியே நின்னுடும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட், பாலக் எல்லாம் அக்டோபர் கடைசிக்கு மேல.

தக்காளி, கத்திரி, மிளகாக்கு நாத்து ட்ரேல செப்டம்பர் 10 தாண்டி விதை போடுங்க. ட்ரே வீட்டுக்குள்ள இருக்கலாம், ஆனா முளை தலைய காட்டின அன்னைக்கே வெளில காலை வெயில் படற இடத்துக்கு மாத்திடணும், ஒரு நாள் லேட்டானாலும் நூல் மாதிரி நீண்டு சாஞ்சுடும். 10 மணிக்கு மேல பாதி வெயில மறைக்கற ஷேட் நெட்டுக்கு கீழ வெச்சுடுங்க. நாலஞ்சு வாரத்துல நாத்து ஒரு ஜான் வந்துடும், அதுக்குள்ள அக்டோபர் பாதி ஆயிடும், கணக்கு சரியா இருக்கும். நடறது சாயங்காலமா இருக்கட்டும்.

கொத்தமல்லி பத்திதான் எல்லாரும் கேக்கறாங்க. முழு தனியாவ சப்பாத்தி கட்டையால லேசா உருட்டினா ரெண்டா பிரியும், நொறுங்கக் கூடாது, ராத்திரி ஊற வெச்சு காலைல விதைங்க, அக்டோபர் பாதிக்கு மேல. சூட்ட பாத்தா கொத்தமல்லி இலை விடாம நேரா பூவுக்கு போயிடும், அதனாலதான் சீக்கிரம் போடாதீங்கன்னு சொல்றேன்.

கோடைய தாண்டி நின்ன செடிங்கள இப்பதான் கவனிக்கணும். போன வருஷத்து மிளகா செடிய செப்டம்பர் கடைசில மூணுல ஒரு பங்கு வெட்டி எருவு வெச்சா புதுசா துளிர்க்கும். கறிவேப்பிலைல இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்புச்சத்து கிடைக்காம வர்றது, மண்ணுல இருந்தாலும் இந்த பிஎச்ல வேர் எடுக்க முடியாது. சாதா இரும்பு சல்பேட் இங்க நிக்காது, பாக்கெட்ல இடிடிஎச்ஏன்னு (EDDHA) போட்ட இரும்பு உரமா கேட்டு வாங்குங்க. மாவுப்பூச்சி, வெள்ளை ஈ இருந்தா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்பு கரைசல், சூரியன் இறங்கின அப்புறம் இலைக்கு அடில படற மாதிரி அடிங்க, பகல்ல அடிச்சா இலையே வெந்துடும்.

தண்ணி விடறதுல ஒரு விஷயம். மொட்டை மாடி டேங்க்லேந்து வெயில்ல கிடக்கற பைப் வழியா வர்ற தண்ணி மதியானம் கைய வைக்க முடியாது, அவ்ளோ சூடு. காலை 6 மணிக்கு விடுங்க, அப்பவும் ஓஸ்ல நின்ன தண்ணி போற வரைக்கும் ஒரு பக்கெட்ல புடிச்சுட்டு அப்புறம் செடிக்கு காட்டுங்க. ஏசிலேந்து சொட்டற தண்ணில உப்பு கிடையாது, மல்லி, செம்பருத்தி மாதிரி பூச்செடிக்கு அத ஊத்தலாம். செப்டம்பர்ல தொட்டிக்கு ரெண்டு வேளை, நவம்பர் வந்தா ஒரு வேளை போதும், ஆனா கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, மேல காஞ்சு வெளுத்து இருக்கும், விரல ரெண்டு கணு உள்ள விட்டு பாத்தா கீழ சில்லுன்னு ஈரம் இருக்கும், அன்னைக்கு ஊத்த வேணாம். மேல காஞ்ச பேரீச்சை ஓலையோ தேங்கா நாரோ ரெண்டு இன்ச் மூடாக்கு போட்டு வெச்சா அந்த ஈரம் இன்னும் ஒரு நாள் தாங்கும். ஷேட் நெட்ட அக்டோபர் கடைசில கழட்டிடுங்க, அதுக்கு மேல அது இருந்தா தக்காளி வெயிலத் தேடி கொடியா ஓடும்.