ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்

சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கியதும் வன்னியில் பல வீட்டுக் கிணற்றடிகளில் இதைக் காணலாம்: ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் தலைகீழாக ஒரு கோடாலி. பிடி ஆடுகிறது, ஊறினால் இறுகிவிடும் என்பது கணக்கு. இறுகும்தான், காயும் வரைக்கும்.

தண்ணீர் குடித்த மரம் குறுக்கே பருக்கும். பிடி நுழையும் இரும்புத் துளையான கண் இடம் கொடுக்காது. அதனால் நார்கள் இரும்போடு நசுங்கி, காயும்போது பழைய அளவை விடவும் சிறுத்துவிடும். ஒவ்வொரு முறை ஊறவைத்த பிறகும் ஆட்டம் கூடுவது இதனால்தான். கண்ணுக்குள் துருவும் ஏறும்.

அப்பாவின் கோடாலியை நானும் மூன்று கோடை இப்படி ஊறவைத்தேன். இடம்பெயர்ந்தபோது பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அலகை மட்டும் சாக்கில் சுற்றி அவர் காவிக்கொண்டு போன கோடாலி அது. நான்காம் கோடை, ஓங்கிய வேகத்தில் அலகு கழன்று வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நல்லகாலம், பிள்ளைகள் அங்கே நிற்கவில்லை.

ஆணி அறைவதும் பிழை. மரம் நார்வழியே வெடிக்கும். பழைய ஆப்பைக் கிண்டி எடுங்கள். அலகு கீழே தொங்கும்படி கோடாலியைத் தூக்கிப் பிடித்து, இப்போது மேலே நிற்கும் பிடியின் அடிமுனையில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். அலகு தானாக மேலேறிப் பொருந்தும். தரையில் ஊன்றி அடித்தால் இந்தப் பொருத்தம் வராது. பிறகு பிடியின் தலைமுனையில், கண்ணின் நீளவாட்டில் உள்ள வெட்டுக்குள், நன்றாகக் காய்ந்த முதிரை மர ஆப்பை இறக்குங்கள்.

புதுப்பிடி போடுவதென்றால் பச்சைத் தடி வேண்டாம். விண்ணாங்கு மரம் நல்லது, ஆனால் நிழலில் மாதக்கணக்கில் காய வேண்டும். வெயிலில் போட்டால் முனை பிளக்கும்.

கத்தியின் கதை வேறு. பிடிக்குள் போகும் வாலைச் சூடாக்கி, அரக்கு உருக்கி இறுக்குவார்கள். அப்போது அலகில் ஈரச்சாக்கு சுற்றாவிட்டால் சூடு வெட்டும் வாய்வரைக்கும் ஏறி, கத்தியின் பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பிடியின் முனையை இறுக்கும் உலோக வளையமான பூண் தளர்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள்.

பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறோம். அது உலராது, கை வழுக்கும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். முனைகளுக்கு இரண்டு தரம் பூசுங்கள், ஈரம் அதிகம் ஏறுவது அந்த வழியால்தான். காலபோக மழைக்கு, அதாவது மாரி மழைக்கு, முன் ஒருமுறை போதும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.