மின்தூக்கி வாசலில் வாழைமரம் கட்டாதீர்கள்

முகூர்த்த நாள் காலை. மண்டபத்து மின்தூக்கியின் இரு பக்கமும் வாழைமரம். வீல்சேரில் வந்த பெரியம்மா ஒருவர் பொத்தானைத் தேடி இலைகளை விலக்கிக்கொண்டிருந்தார். அலங்காரம் செய்தது எங்கள் குழுதான்; வெட்கமாகப் போயிற்று.

சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோர் புழங்க ஏற்றபடி கட்டடம் கட்டுவதற்கான விதிமுறைகள் 1990 முதலே இருக்கின்றன. ஆகவே புதிய கட்டடங்களில் மின்தூக்கி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைக் கெடுப்பது விழா நடத்தும் நாம்தான்.

முதலில், உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. மணமக்கள் படத்தை அதன் மேல்தான் ஒட்டுவார்கள். அது பூ சரிசெய்துகொள்ள மட்டும் வைத்ததல்ல. வீல்சேர் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 1.5 மீட்டர் இடம் வேண்டும். பல மின்தூக்கிகளில் அவ்வளவு இடம் கிடையாது. நேராக உள்ளே போனவர் பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். கதவு முழுதாகத் திறந்ததா, பின்னால் குழந்தை ஏதும் நிற்கிறதா என்று அவருக்குக் காட்டுவது அந்தக் கண்ணாடிதான். படத்தை வரவேற்பு மேசையில் வையுங்கள்.

அப்புறம், சாமான் ஏற்றும்போது சுவரில் கீறல் விழாமல் இருக்கத் தொங்கவிடும் மெத்தைத் துணி. சாமான் ஏறியதும் அதைக் கழற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. கைப்பிடி அதற்குள் மறைந்துவிடும், சில சமயம் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் பொத்தான்களும்.

மாடி எண்ணைச் சொல்லும் குரல் தொந்தரவாக இருக்கிறதென்று நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. பார்வையற்ற விருந்தினர் எந்த மாடியில் இறங்குவார்? மேளச் சத்தம் எட்டும் இடமென்றால் குரலைக் கூட்டத்தான் வேண்டும். காது கேளாதவருக்கோ எண் காட்டும் திரைதான் துணை. அது எரிகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பொத்தான் இல்லாமல் தொடுதிரை மட்டும் உள்ள கட்டடமென்றால் பார்வையற்றவருக்குத் தடவிப் பார்க்க ஏதும் இருக்காது; வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கூட்டம் அதிகம் என்று கதவைச் சீக்கிரம் மூட வைக்காதீர்கள். ஊன்றுகோலோடு வருபவருக்கு அந்தச் சில நொடிகள் வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: “பின்னால சரக்கு லிஃப்ட் இருக்கு, அதுல வாங்க.” பத்திரிகை வைத்து அழைத்தவரைச் சோற்று அண்டாவோடா ஏற்றி அனுப்புவது? அதையும் அவரிடம் சொல்லாமல், தள்ளிக்கொண்டு வரும் மகளிடம் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் வாழைமரத்தை மண்டப வாசலில்தான் கட்டுகிறோம். படம் எடுப்பவர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.