மண் டிராக் ரேஸ் கிளப்: கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கி நடத்துவது எப்படி

முதலில் ரோட்டை மறந்துவிடுங்கள். தொப்பூர் கணவாய் விடியற்காலை நாலு மணிக்குக் காலியாகக் கிடந்தாலும் அது பொது இடம்தான். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே வேகப்போட்டி வைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளப் பேரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்து அதில் "நைட் ரன்" அறிவித்தால் அந்தக் குரூப்பே சாட்சியாகிவிடும். பைலாவில் இதற்கென்று ஒரு வரி இருக்கட்டும்: ரோட்டில் ரேஸ் ஓட்டினால் உறுப்பினர் பதவி போகும்.

தார் டிராக் வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. என்எச் 48-இல் நேராகப் போனால், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 220 கிலோமீட்டரில், இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. அங்கே உறுப்பினர்களைப் போட்டியாளர்களாக அனுப்பலாம். முதல் இரண்டு வருடத்துக்கு அவற்றை வாடகைக்கு எடுத்து நடத்த நினைக்காதீர்கள், ஒரு நாள் வாடகையே புது கிளப்பை விழுங்கிவிடும். நம் மண்ணுக்கு ஏற்றது 165 சிசி வரையிலான பைக்குகளுக்கான மண் டிராக்கும், கார்களுக்கு ஆட்டோகிராஸும்தான். ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் கடிகாரத்தோடு போட்டி போடுவதால் மோதல் ஆபத்து குறைவு. முதல் நிகழ்ச்சியை அதிலேயே தொடங்குவது நல்லது.

கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். குறைந்தது ஏழு பேர் தேவை. பிறகு கிளப் பேரிலேயே பான் அட்டை, வங்கிக் கணக்கு. காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதுதான் பாதி கிளப்புகள் உடையக் காரணம். யாரும் திருட வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்து எது கிளப் பணம், எது அவர் பணம் என்று அவருக்கே தெரியாமல் போகும்.

பந்தயம் என்ற பெயரில் எதை நடத்துவதானாலும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் தேசியக் கூட்டமைப்பின் அனுமதி வேண்டும். புது கிளப் ஏற்கெனவே இணைந்துள்ள ஒரு கிளப்போடு சேர்ந்து அதன் பேரில் அனுமதி வாங்குவது சுலபம். அனுமதியில்லாத போட்டியில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஓட்டுநர் கலந்துகொண்டால் அவர் லைசென்ஸுக்கே ஆபத்து, அதனால் நல்ல ஓட்டுநர்கள் வர மாட்டார்கள். இதோடு மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், தீயணைப்புத் துறை, ஊராட்சி எல்லாருக்கும் மனுவை இரண்டு மாதம் முன்னதாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் நகலிலும் ஒப்புதல் முத்திரை வாங்கி வையுங்கள்.

தேதி குறிப்பதில் ஊர் நிலவரம் தெரிய வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மழை. பொங்கலுக்குப் பிறகு எருது விடும் விழாக்களுக்குக் காவலர்கள் போய்விடுவார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, மைக் செட் போட்டால் புகார் வரும். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் டிராக்டரும் ஆளும் கிடைக்காது. மிஞ்சுவது பிப்ரவரிக் கடைசி ஞாயிறு, அல்லது பொதுத்தேர்வு முடிந்த பிறகு ஏப்ரலில் ஒரு ஞாயிறு. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் காட்டோரமாக இடம் பார்க்காதீர்கள். கேழ்வரகு முற்றும் காலத்தில் அங்கே யானை வரும்.

இடத்துக்கு ஏரிப் புறம்போக்கு வேண்டவே வேண்டாம். விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு நிலம் நல்லது, வழி இருக்கும், உரிமையாளரும் ஒருவராகவே இருப்பார். ஆனால் எல்லைக்கல். புல்லுக்குள் அரை அடி உயரத்தில் நிற்கும் அந்தக் கருங்கல்லில் ஒரு பைக்கின் முன்சக்கரம் பட்டால் ஓட்டுநர் தோள்பட்டையோடு போவார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக எண்ணிக் கம்பு நட்டுக் குறியுங்கள். டிராக்குக்குள் வருவதை உரிமையாளர் சம்மதத்தோடு பிடுங்கி, போட்டி முடிந்ததும் அதே இடத்தில் நட்டுக் கொடுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஜேசிபி வைத்துச் சமன் செய்யும் மண்ணை நிலத்துக்கு வெளியே ஒரு லோடு கூட ஏற்றாதீர்கள், கனிமவளத் துறை வந்து நிற்கும்.

செம்மண்ணில் பெரிய எதிரி புழுதி. பின்னால் வருபவனுக்கு முன்னால் விழுந்தவன் தெரியாது. 800 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் 4,800 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வீதம் ஒரு தடவைக்கு 9,600 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் இரண்டு நடை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை நன்றாக ஊறவிடுங்கள், காலை ஆறு மணிக்கு இன்னொரு தடவை. பிறகு ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளியில் லேசாகத் தெளித்தால் போதும். பந்தயத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அவசரமாக ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் சேறாகி அடியில் கட்டாந்தரையாக இருக்கும். முதல் வளைவிலேயே நாலு பேர் வழுக்குவார்கள். மதியத்துக்குள் வளைவுகளின் உள்பக்கம் குழி விழும். டிராக்டர் பிளேடு வண்டி நாள் முழுக்க நிற்க வேண்டும்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த எருது விடும் விழாவுக்குச் சவுக்குக் கம்பு கட்டுபவர்களையே கூப்பிடுங்கள், அவர்கள் வேலை தெரிந்தவர்கள். இரட்டை வரிசை, நடுவே நாலு மீட்டர் இடைவெளி. வளைவின் வெளிப்பக்கம் பார்வையாளர்களே கூடாது, வண்டி கட்டுப்பாடு இழந்தால் போவது அங்கேதான். படம் எடுக்கப் பையன்கள் ஓடி வருவதும் அங்கேதான்.

கொடி காட்டும் மார்ஷல்கள் இடத்துக்கு இரண்டு பேர், ஒரு இடத்திலிருந்து அடுத்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 6 கிலோ பவுடர் தீயணைப்பான். ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் இரண்டு. 108-ஐ நம்பி நிகழ்ச்சி வைக்காதீர்கள், அது காத்திருப்புக்கு அல்ல. ஒரு ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனதும் இன்னொன்று இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்தினால் கூட்டம் கத்தும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

வண்டிச் சோதனையில் சலுகை கிடையாது. கண்ணாடியும் ஸ்டாண்டும் கழற்றியிருக்க வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குக் கம்பிக் கட்டு, பிரேக், கிளட்ச் லீவர் நுனியில் உருண்டை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். செயினுக்குள் விரல் போகாதபடி தடுப்பும் வேண்டும்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் பைக்கின் சாதாரண பாலிசி ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயத்துக்குச் செல்லாது, பாலிசித் தாளிலேயே எழுதியிருக்கும். போட்டியாளர்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடும், நிகழ்ச்சிக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடும் தனியாக எடுங்கள். "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று எழுதி வாங்கும் காகிதம் உங்கள் அலட்சியத்தைக் காப்பாற்றாது.

இனி பணம். உறுப்பினர் சந்தா, கிளப்பின் ஆண்டுச் செலவுக்கு மட்டும்: தணிக்கையாளர், இணைப்புக் கட்டணம், சாமான் வைக்கும் இடம். நிகழ்ச்சிக்குத் தனிக் கணக்கு. மாதிரிக்கு ஒன்று: டிராக் தயாரிப்பு 60,000, ஆம்புலன்ஸ் 30,000, காப்பீடும் அனுமதியும் 70,000, நேரம் கணிக்கும் கருவி வாடகை 40,000, தடுப்பு, பந்தல், கழிப்பறை, மைக் 50,000. மொத்தம் 2,50,000. ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் இது மாறாது. நுழைவுக் கட்டணம் 2,500, அதில் சாப்பாடு, எண் ஸ்டிக்கர், கோப்பைக்கு 500 போனால் மிஞ்சுவது 2,000. ஸ்பான்சர் இல்லாமல் கைக்கடிக்காமல் இருக்க 125 பேர் வர வேண்டும். புது கிளப்புக்கு வரப்போவது 60 பேர்தான். 1,20,000 போக 1,30,000 துண்டு விழுகிறது. அந்த 1,30,000 வங்கியில் விழும்வரை ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். "தருகிறேன்" என்ற வாக்கு கணக்கில் வராது, பெரிய கம்பெனிகளின் பணம் நிகழ்ச்சி முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

அதனால் ஓசூரின் பெரிய கம்பெனிகளிடம் போவதற்கு முன், சிப்காட்டில் இருக்கும் சின்ன மெஷின் ஷாப், டயர் கடை, உதிரிபாகக் கடை, கிரானைட் யூனிட் பக்கம் போங்கள். பத்துப் பேரிடம் பதிமூன்றாயிரம் கேட்பது, ஒருவரிடம் 1,30,000 கேட்பதைவிடச் சுலபம். பொருளாகத் தந்தாலும் வாங்குங்கள்: இரண்டு நாள் டேங்கர் என்பதும் பணம்தான். ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. சந்தாவுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை ஸ்பான்சர் பணத்துக்குக் கிடையாது, தணிக்கையாளரிடம் முன்பே பேசுங்கள். பரிசுத் தொகையை ஆரம்பத்தில் வைக்காதீர்கள். கோப்பை போதும். பணம் வைத்த அன்றே புகார் மனுவும் ஆரம்பிக்கும்.

நிகழ்ச்சி முடிந்த ஏழு நாளுக்குள் வரவுசெலவை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். தடுப்புக்கு வைத்த பழைய கார் டயர்களை அடுத்த வருடத்துக்குச் சேமிக்கலாம். லாரி டயர் வேண்டாம், அது மோதலை வாங்காமல் திருப்பி அடிக்கும். நாலு டயரை 12 மி.மீ. போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு ஒன்றாகப் பிணைத்ததைக் கழற்ற வேண்டியதில்லை. கயிற்றால் கட்டியது பறந்துவிடும். ஒவ்வொரு டயரிலும் கீழ்ப்பக்கம் அரை அங்குல ஓட்டை நாலு போட்டு, தார்ப்பாய் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே உள்ளே தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும், அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் நோட்டீஸோடு வருவார்.