குரல் மாறும் இடத்தில் செய்யும் தவறுகள்

மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பாட்டுப் படிக்க வருகிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை பஞ்சமம் (ப) வரை அழகாகப் பாடினாள். தைவதத்தில் (த) கழுத்து நரம்பு புடைத்தது, நிஷாதத்தில் (நி) நாடி மேலே தூக்கியது, மேல் ஸட்ஜத்தில் (ஸ) குரல் இரண்டாகப் பிளந்தது. "எனக்கு மேல எட்டாது ரீச்சர்" என்றாள். அவளுடைய வயதில் நானும் இதையேதான் சொன்னேன். எட்டாதது இல்லை, ஏறும் விதம்தான் பிழை.

சுருதி விலகுவது, சாதகம் பண்ணாமல் வருவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

எந்த இடம் என்று தெரியாமல் பாடுவது

பேசும் கனத்தோடு வருவது மார்புக் குரல். அப்போது குரல்நாண்கள் தடித்து அதிர்கின்றன. சுரம் ஏற ஏற இன்னொரு தசை அவற்றை இழுத்து மெலிதாக்க வேண்டும். அப்படி மெலிந்து வருவது தலைக் குரல். ஒரு தசை மற்றதிடம் வேலையைக் கொடுக்கும் இடத்தில்தான் பிளவு. பலருக்கு அது 300 முதல் 350 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் வரும். கட்டை என்பது ஒருவருடைய ஸட்ஜம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதன் அளவு. 5 கட்டையில் பாடும் பெண்பிள்ளைக்கு அது மத்திய ஸ்தாயித் தைவதத்தை ஒட்டிய இடம். 1 கட்டையில் பாடும் ஆணுக்கு மேல் ஸ்தாயி காந்தாரத்தை (க) ஒட்டிய இடம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உங்களுடையது எதுவென்று மெதுவாகப் பாடிக் கண்டுபிடியுங்கள்.

சத்தத்தைக் கூட்டி ஏறுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பதினேழு வயதில், வைகாசிச் சடங்கு நேரம், ஒரு கண்ணகி அம்மன் கோயிலில் ஏழு நாளும் ஒலிபெருக்கியில் பாடினேன். "வயித்தை இறுக்கித் தள்ளு, வரும்" என்று சொல்லித் தந்திருந்தார்கள். நானும் தள்ளினேன். மேலே போகப் போகச் சத்தம் கூடியது. கணீரென்று பாடுகிறாள் என்று ஊரே பாராட்டியது. அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது. ஏழாம் நாள் மேல் ஸட்ஜம் வெறும் காற்றாக வந்தது. குரல்நாணில் முடிச்சு என்றார் வைத்தியர். நான்கு மாதம் பாடவில்லை. அந்த வருடம் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கும் போகவில்லை.

நடந்தது இதுதான். காற்றைக் கூடுதலாகத் தள்ளினால், அதைத் தடுக்க நாண்கள் இன்னும் தடிப்பாக இறுகும். மெலிய வேண்டிய நேரத்தில் இறுகினால் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று வழுக்கிவிடும். நாம் கேட்கும் பிளவு அந்த வழுக்கல்தான். பிளக்காமல் தப்பினாலும் நாண்கள் ஒன்றோடொன்று மோதி மோதிப் புண்படும்.

"கூத்துக்காரர் விடிய விடிய இப்பிடித்தானே பாடுறாங்க ரீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. மைக் இல்லாத வட்டக்களரி என்ற கூத்து மேடைக்குத் திறந்த குரல் தேவைப்பட்டது. ஆனால் அங்கே ஆடுபவர் ஒரு அடி பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரம் அவருடைய தொண்டை ஆறும். மைக் முன்னால் தனியே நிற்கும் பிள்ளைக்கு அந்த ஆறுதல் இல்லை, அவ்வளவு சத்தம் தேவையும் இல்லை.

சரி, என்ன செய்வது? மேலிருந்து கீழே வாருங்கள். மேல் ஸட்ஜத்தை ‘ஊ’ என்று, ஏணையில் கிடக்கும் குழந்தை எழும்பாத அளவில் பிடியுங்கள். ஸ நி த ப என்று அதே மெல்லிய குரலோடு இறங்குங்கள், கனத்தைச் சேர்க்க வேண்டாம். அது பழகிய பிறகு கீழிருந்து ஏறுங்கள். பிளவு வரும் சுரத்துக்கு இரண்டு சுரம் முன்னாலேயே சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோவை உதட்டில் வைத்து அதற்குள் பாடினாலும் நாண்களின் சுமை குறையும். தொடக்கத்தில் குரல் உடையும், உடையட்டும். மறைக்கச் சத்தம் போடாதீர்கள். இது ஒரு கிழமையில் வராது. என் பிள்ளைகள் பலருக்கு மாதக்கணக்கில் எடுத்தது.

மாயாமாளவகௌளையோடு நின்றுவிடுவது

தொடக்கப் பாடத்துக்கு இதைவிட நல்ல இராகம் இல்லை. ஆனால் சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே மூன்று அரைச்சுரத் தூரம். சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலும் அதே தூரம். பல பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பிளவு சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. ஒரே தாவலில் கடந்துவிடுவதால் பிளவு இருப்பதே தெரிவதில்லை. பிறகு வர்ணத்தில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் மாட்டிக்கொள்கிறார்கள். அதே சுர வரிசையை, அந்தப் பெரிய தாவல் இல்லாத சங்கராபரணத்திலும் பாடுங்கள். அப்புறம் பெண்பிள்ளைகள் பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையும், ஆண்பிள்ளைகள் மேல் ஸட்ஜத்திலிருந்து மேல் மத்திமம் வரையும், இடையில் ஒரு சுரத்திலும் நிற்காமல் ஜாருவாக, அதாவது வழுக்கிக்கொண்டே, இழுங்கள். எங்கே தட்டுகிறதோ அதுதான் உங்கள் இடம்.

தலைக் குரலைக் கள்ளக்குரல் என்று ஒதுக்குவது

இரண்டும் வேறு. கள்ளக்குரலில் நாண்கள் முழுதாகச் சேர்வதில்லை, காற்று ஒழுகும். தலைக் குரலில் மெலிந்தாலும் சேரும்.

மேலேயும் ‘ஆ’வை அகலத் திறப்பது

மேல் சுரங்களில் அகாரத்தை ஓகாரத்தின் பக்கம் இலேசாகச் சாயுங்கள். கேட்பவருக்கு அது ‘ஆ’வாகத்தான் கேட்கும்.

கட்டையை மாற்றிப் பிளவை ஒளிப்பது

ஒளியாது. வேறொரு சுரத்தில் வந்து நிற்கும்.

குரல் உடையும் வயதுப் பையனை மேல் ஸ்தாயிக்கு வற்புறுத்துவது

வேண்டாம். வசதியான ஐந்தாறு சுரங்களுக்குள் பாடட்டும்.

கரகரப்போடு பாடுவது

மூன்று கிழமைக்கு மேல் கரகரப்பு நீடித்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள். இஞ்சியும் தேனும் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை.