கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும்?

மலத்தில் ரத்தம் போனால் நம்ம ஊரில் முதலில் வரும் வார்த்தை மூலம். போஸ்டரைப் பார்த்துப் போய் மாதக்கணக்கில் லேகியம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் குடல் புண், சதை வளர்ச்சி, புற்றுநோய் எல்லாவற்றிலும் ரத்தம் போகும் என்பதால், டாக்டரிடம் காட்டாமல் நீங்களே முடிவு கட்டாதீர்கள். கூடவே எடை குறைகிறது, ரத்தசோகை இருக்கிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைதான் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைத் திரையில் பார்ப்பது.

போக வேண்டியது இரைப்பை குடல் பிரிவுக்கு. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, மதுரையில் ராஜாஜி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்குத் தனித் துறையே உண்டு. பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்; நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பெரும்பாலும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சரி, முந்தின நாளுக்கு வருவோம், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என் அப்பாவுக்கு முதல் முறை பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், காரணம் திரையில் தெரிந்தது முக்கால்வாசி தக்காளி விதையும் மலமும்தான். குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பேதிக் கரைசல் குமட்டுகிறது என்று பாதியை வாஷ்பேசினில் கொட்டியிருக்கிறார். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கேழ்வரகு, கொய்யா, தக்காளி வேண்டாம். முந்தின நாள் இளநீர், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய ரசத் தெளிவு மாதிரிதான். சிவப்பு நிற ஜூஸ் கூடாது, ரத்தம் போலவே தெரியும். பேதி பவுடரைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் 2 லிட்டர், கரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்தால் குமட்டல் குறையும். கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள். பாதியை மாலையிலும் மீதியைக் காலையிலும் குடிக்கச் சொன்னால் விடியற்காலை அலாரம் வைத்தாவது குடித்துவிடுங்கள். கடைசியில் சிறுநீர் மாதிரி மஞ்சளாய், தெளிவாய்ப் போக வேண்டும். கலங்கலாகவே போனால் காலையில் நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரம்தான். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். சதை வளர்ச்சி சின்னதாக இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அப்புறம் வயிறு உப்பசமாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் காற்றுப் பிரிந்து சரியாகும். கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் மட்டும் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.