ஐந்தும் ஐந்தும் பத்து ஆகாது: பல்கலைக்கழக ஒப்பந்தப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜனவரி 22, திங்கட்கிழமை. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 23 வளாகங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேராசிரியர்கள், விரிவுரையாளர்கள், நூலகர்கள், மாணவர் மனநல ஆலோசகர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் என்று 29,000 பேருக்காகப் பேசும் சங்கம்தான் அதை நடத்தியது. ஐந்து நாள் போராட்டம் என்று அறிவித்திருந்தார்கள். மழையோடு மழையாக வாசலில் நின்றார்கள். அன்று இரவே உடன்பாடு ஆகிவிட்டது, நாளை வகுப்புக்குப் போகலாம் என்று தகவல் வந்தது. நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. தங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடித்துவிட்டார்களே என்று கொதித்தவர்களும் நிறைய. பிறகு நடந்த வாக்கெடுப்பில் 76% பேர் ஒப்புக்கொண்டார்கள். அதாவது, கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வேண்டாம் என்றார்.

இந்த ஒரு நாளுக்குள்ளேயே பல பாடங்கள் இருக்கின்றன.

முதலில் சம்பளக் கணக்கு. சங்கம் கேட்டது 12%. கிடைத்தது 2023 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு 5%, 2024 ஜூலை 1 அன்று இன்னொரு 5%. ஐந்தும் ஐந்தும் பத்து, கேட்டதில் பெரும்பகுதி வந்துவிட்டது என்று தோன்றும். ஒரு பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 60,000 டாலர் வாங்குபவருக்கு 12% கிடைத்திருந்தால் முதல் ஆண்டே 67,200. ஐந்து என்றால் 63,000. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 4,200 டாலர் வித்தியாசம். இரண்டாவது ஐந்தும் சேர்ந்த பிறகு 66,150. அப்போதும் குறைவுதான். அதைவிட முக்கியம், அந்த இரண்டாவது ஐந்துக்கு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது: பல்கலைக்கழகத்துக்கான அடிப்படை நிதியை மாநில அரசு குறைக்காமல் இருக்க வேண்டும். எந்த உயர்வைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து? அரியர்ஸ் உண்டா? எதாவது நடந்தால்தான் கிடைக்குமா?

இதையெல்லாம் சொல்வதால் அந்த ஒப்பந்தம் மோசம் என்று அர்த்தமில்லை. குழந்தை பிறந்தால் கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 6 வாரத்திலிருந்து 10 வாரமானது. மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்குத் தனி உயர்வும் வந்தது. உறுப்பினர்களின் வருத்தம் வேறு. ஐந்து நாள் என்று சொல்லித் திரட்டியவர்களிடம், எது கிடைத்தால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அதைப் பேசாமல் விட்டால், நல்ல உடன்பாடுகூடத் துரோகமாகத்தான் தெரியும்.

சட்டத்தின் படிகளை வெறும் சடங்கு என்று நினைப்பது அடுத்த தவறு. கலிபோர்னியாவில் பேச்சு முறிந்தால் மத்தியஸ்தம், அப்புறம் இரு தரப்பு வாதத்தையும் ஆராய்ந்து பரிந்துரை சொல்லும் உண்மை கண்டறியும் குழு. அதுவும் முடிந்துவிட்டால் நிர்வாகம் தன் கடைசி முன்மொழிவைத் தானாகவே அமல்படுத்தலாம். அதுதான் நடந்தது. ஜனவரி 9 அன்று பேச்சை முடித்துக்கொண்டு 5% மட்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. ஒவ்வொரு படியிலும் கடிகாரம் யாருக்காக ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் கதையே வேறு. 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில், அங்குள்ள முழுநேரப் பேராசிரியர்கள் நிர்வாகத்தில் பங்கெடுப்பவர்கள், அதனால் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழக அனுபவத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் எடுபடாது.

என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது, நிரந்தரப் பேராசிரியர்கள் தங்கள் காரியம் முடிந்தால் போதும் என்று தனியாகப் பேசிக் கையெழுத்துப் போடுவது. நம்மூர் கௌரவ விரிவுரையாளர்கள் போல அங்கே பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள் ஏராளம். அவர்கள் மலிவாகக் கிடைக்கும்வரை நிரந்தர இடங்களை நிரப்ப நிர்வாகத்துக்கு அவசரமே இருக்காது. நியூஜெர்சியின் ரட்கர்ஸில் இதைப் புரிந்துகொண்டார்கள். பழைய ஒப்பந்தம் 2022 ஜூன் 30 அன்று காலாவதியாகி, ஒன்பது மாதத்துக்கு மேல் பேச்சு இழுத்தது. 2023 ஏப்ரல் 10 அன்று மூன்று சங்கங்கள் சேர்ந்து, சுமார் 9,000 பேர் வெளியே வந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் 257 ஆண்டு வரலாற்றில் ஆசிரியர்களின் முதல் வேலைநிறுத்தம் அது. ஆளுநர் பில் மர்ஃபி இரு தரப்பையும் மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐந்தே நாளில் உடன்பாட்டின் சட்டகம் தயார். முழுநேர ஆசிரியர்களுக்கு ஒப்பந்தக் காலத்துக்குள் குறைந்தது 14% உயர்வு. பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியம் 43.8% ஏறியது. யார் அதிகம் பின்தங்கியிருந்தார்களோ அவர்களுக்கு அதிகம். தனித்தனியாகப் போயிருந்தால் இந்த எண் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நிர்வாகங்களும் தவறு செய்கின்றன, பெரும்பாலும் ஒரே தவறு: பயமுறுத்தினால் அடங்கிவிடுவார்கள் என்ற கணிப்பு. 2016 செப்டம்பரில் புரூக்ளினில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம், ஒப்பந்தம் காலாவதியான கையோடு, வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே சுமார் 400 ஆசிரியர்களை வெளியே வைத்துக் கதவடைத்தது. மின்னஞ்சலும் மருத்துவக் காப்பீடும் நின்றன. மாணவர்கள் வகுப்பிலிருந்து வெளியேறி ஆசிரியர்களோடு நின்றார்கள். 12 நாளில் கதவு திறந்தது. பழைய ஒப்பந்தத்தையே நீட்டித்துப் பேச்சைத் தொடர்ந்தார்கள். முதல் நாளே செய்திருக்கக்கூடிய காரியம்!

வாசகங்களில் கோட்டை விடுவதும் அடிக்கடி நடக்கும். "வகுப்பில் 40 பேருக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்ள நிர்வாகம் முயலும்" என்று ஒரு ஷரத்து இருந்தால், 60 பேர் உட்கார்ந்திருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? முயன்றோம் என்பார்கள். "40 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கூடுதல் ஊதியம்" என்று இருந்தால்தான் கையில் பிடி கிடைக்கும். நள்ளிரவில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில்தான் இந்த "முயலும்", "ஆலோசிக்கும்" எல்லாம் உள்ளே நுழையும். களைப்படையாத ஒருவரை வாசிப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாக்கெடுப்புக்கு முன் சுருக்கத்தை மட்டும் அனுப்பாமல் முழு வாசகத்தையும் கொடுங்கள், படிக்க நாள் கொடுங்கள். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் முதுகலை, ஆய்வு மாணவர்கள் 2023இல் போராடியபோது, பேச்சுக் குழு கொண்டுவந்த முதல் உடன்பாட்டை 92% பேர் நிராகரித்தார்கள். போராடியவர்களுக்கு மருத்துவக் காப்பீடும் கல்விக் கட்டண விலக்கும் பறிபோயிருந்த நேரம் அது. மூன்று வாரத்தில் மறுபடி வந்த ஒப்பந்தத்துக்கு 344 பேர் ஆதரவு, எதிர்ப்பு 8 பேர்.